ஒரே இரவில் அழிந்து போன கல்லூரி டீம் மீண்டு வந்த கதை: மார்ஷல் கால்பந்து அணியின் மறக்க முடியாத வீரர்கள், ஆட்டங்கள்

அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் ஒகையோ ஆற்றங்கரையில் இருக்கும் ஊர் ஹண்டிங்டன். அங்குள்ள மார்ஷல் பல்கலைக்கழகத்தின் கால்பந்து அணி 1970-ம் ஆண்டு நவம்பர் 14-ந் தேதி இரவு விமான விபத்தில் சிக்கியது. வீரர்கள், கோச்சுகள், கூடப் போன ஊர்ப் பெரிய மனிதர்கள் என்று விமானத்தில் இருந்த 75 பேரும் பலியானார்கள்.

"இனி இந்த ஊரில் கால்பந்தே வேண்டாம்" என்று மூடி விடும் நிலைமை வந்தது. ஆனால் மறு வருஷமே புதுப் பையன்களை வைத்து டீம் களத்தில் இறங்கியது. 26 வருஷம் கழித்து ஒரு ஆட்டம்கூட தோற்காமல் தேசிய சாம்பியன் ஆனது. அந்த டீமின் கதை இது.

எந்த கால்பந்து?

நம்ம ஊரில் கால்பந்து என்றால் உருண்டைப் பந்தைக் காலால் உதைக்கும் ஆட்டம். அமெரிக்கர்கள் கால்பந்து என்று சொல்வது வேறு. பந்து முட்டை வடிவில் இருக்கும். கையில் பிடித்து ஓடலாம், தூக்கி எறியலாம். எதிரணியினர் மேலே விழுந்து அமுக்குவார்கள். அதனால்தான் தலையில் ஹெல்மெட், தோளில் கவசம்.

ஒரு பக்கத்துக்கு 11 பேர். மைதானத்தின் நீளம் 100 யார்டு. ஒரு யார்டு என்பது 3 அடி. 4 முயற்சிக்குள் 10 யார்டு முன்னேற வேண்டும். முடியாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டி பந்தைக் கொண்டு போனால் டச்டவுன். அதற்கு 6 பாயிண்ட். அதன் பிறகு கம்பத்துக்கு நடுவே உதைத்தால் கூடுதலாக 1 பாயிண்ட். டச்டவுன் போட முடியாது என்று தோன்றினால் தூரத்தில் இருந்தே கம்பத்துக்கு நடுவே உதைக்கலாம். அது பீல்டு கோல், 3 பாயிண்ட். பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர் குவார்ட்டர்பேக். டீமின் மூளை அவர்தான்.

ஒருவர் தோளில் ஒருவர்

மார்ஷல் 1837-ல் தொடங்கிய கல்வி நிறுவனம். கால்பந்து அணி 1895-ல் உருவானது. பச்சை, வெள்ளை நிற உடை. அணியின் செல்லப் பெயர் 'தண்டரிங் ஹெர்ட்'. இடி இடிப்பது போல ஓடி வரும் காட்டெருமைக் கூட்டம் என்று அர்த்தம்.

ஆரம்ப காலத்து வேடிக்கை ஒன்று இன்றும் பேசப்படுகிறது. 1915-ல் அதே மாநிலத்தின் பெரிய பல்கலைக்கழகமான மேற்கு வர்ஜீனியாவுடன் மோதினார்கள். செம அடி. 92-6 என்று தோல்வி. ஆனால் அந்த 6 பாயிண்ட்டை எடுத்த விதம்தான் விசேஷம். கடைசிக் கோட்டுக்கு அப்பால் ஒரு வீரர் இன்னொரு வீரரின் தோளில் ஏறி நின்று கொண்டார். உயரமாக எறிந்த பந்தை அப்படியே பிடித்து விட்டார். எதிரணிக்கு கை எட்டவில்லை. கோச் பாய்ட் சேம்பர்ஸ் போட்ட திட்டம் இது. பிறகு இந்த தந்திரத்துக்கு தடை விதிக்கப்பட்டது.

1930, 40-களில் கேம் ஹெண்டர்சன் கோச்சாக இருந்தபோது டீம் நன்றாக ஆடியது. 1948-ம் ஆண்டு புத்தாண்டு தினத்தில் டாங்கரின் பவுல் என்ற போட்டிக்கு முதல் முறையாகப் போனது. கட்டாபா கல்லூரியிடம் 7-0 என்று தோற்றது.

1960-களின் கடைசியில் கெட்ட நேரம் பிடித்தது. 1967-ல் 10 ஆட்டத்திலும் தோல்வி. 1968-ல் ஒரு ஆட்டம் மட்டும் டிரா, மற்றது எல்லாம் தோல்வி. 1969-ல் வீரர்களைச் சேர்ப்பதில் விதிமீறல் நடந்ததாக மிட்-அமெரிக்கன் கூட்டமைப்பு அணியை சஸ்பெண்டு செய்தது. இளம் கோச் ரிக் டோலி பொறுப்பேற்றார். அந்த வருஷம் பவுலிங் கிரீன் அணியை வீழ்த்தி தோல்விச் சங்கிலியை அறுத்தார்கள். அப்பாடா, இனி நல்ல காலம்தான் என்று ஊரே நினைத்தது.

75 பேர் பலி

1970 நவம்பர் 14. சனிக்கிழமை. வடக்கு கரோலினா மாநிலம் கிரீன்வில்லில் ஈஸ்ட் கரோலினா அணியுடன் ஆட்டம். 17-14 என்று 3 பாயிண்ட் வித்தியாசத்தில் மார்ஷல் தோற்றது.

வழக்கமாக இந்த டீம் வெளியூருக்கு பஸ்சில்தான் போகும். இந்த தடவை தூரம் அதிகம் என்பதால் சதர்ன் ஏர்வேஸ் நிறுவனத்தின் டிசி-9 விமானத்தை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். திரும்பி வரும்போது ஹண்டிங்டன் பகுதியில் மழைத்தூறல், பனிமூட்டம், தாழ்வான மேகம். இரவு 7.30 மணி தாண்டி விமானம் தரை இறங்க வந்தது. ஓடுபாதைக்கு சுமார் ஒரு மைல் முன்னால் மலைச்சரிவில் இருந்த மரங்களில் உரசி, நொறுங்கி தீப்பிடித்தது. ஒருவர்கூட பிழைக்கவில்லை.

பலியானவர்களில் வீரர்கள் 37 பேர். கோச் ரிக் டோலி உள்பட அணி நிர்வாகத்தினர் 8 பேர். டாக்டர்கள், வியாபாரிகள் என்று டீமுக்கு ஆதரவாகக் கூடவே போன ஊர்க்காரர்கள் 25 பேர். விமான ஊழியர்கள் 5 பேர். 70 குழந்தைகள் தாயையோ தந்தையையோ இழந்தார்கள். அவர்களில் 18 பேருக்கு தாய், தந்தை இருவருமே இல்லாமல் போனார்கள்.

குவார்ட்டர்பேக் டெட் ஷூபிரிட்ஜ் போய்விட்டார். அலபாமா மாநிலம் டஸ்கலூசாவில் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்து, ஒன்றாக மார்ஷலில் சேர்ந்த 4 பையன்கள் ஒன்றாகவே இறந்தார்கள். உதவி கோச் பிராங்க் லோரியாவுக்கு வயது 23. வர்ஜீனியா டெக் கல்லூரியில் நட்சத்திர வீரராக இருந்தவர். அவருடைய மனைவி அப்போது கர்ப்பிணி.

6 வீரர்களின் உடல்களை அடையாளமே காண முடியவில்லை. ஊரைப் பார்த்தபடி இருக்கும் ஸ்பிரிங் ஹில் கல்லறைத் தோட்டத்தில் 6 பேரையும் பக்கத்துப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள்.

தரை கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே, இறங்க வேண்டிய அளவுக்கும் கீழே விமானம் இறங்கி விட்டது என்று விசாரணையில் தெரிய வந்தது. கருவிகளின் அளவைத் தவறாகப் பார்த்ததோ, உயரம் காட்டும் கருவியில் கோளாறோ காரணமாக இருக்கலாம் என்று சொன்னார்கள். இதுதான் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

இருக்கை மாறியதால் தப்பியவர்

உதவி கோச் ரெட் டாசன் புது வீரர்களைத் தேடிப் போகும் வேலை இருந்ததால் காரில் கிளம்பினார். அதனால் தப்பினார். போகும்போது விமானத்தில் போன கேல் பார்க்கர் என்ற கோச், திரும்பும்போது டாசனுடன் காரில் ஏறிக் கொண்டார். அவருக்குப் பதிலாக விமானத்தில் ஏறியவர் டீக் பிராக்கெட். பார்க்கர் பிழைத்தார். பிராக்கெட் இறந்தார்.

நேட் ரபின் என்ற வீரர் காயம் காரணமாக அன்று டீமுடன் போகவில்லை. கூட ஆடியவர்கள் எல்லோரும் போய்விட, தான் மட்டும் மிஞ்சியதை வாழ்நாள் முழுக்க சுமந்தவர் அவர். டீமை மூடக்கூடாது என்று நிர்வாகத்திடம் போராடிய மாணவர்களில் முக்கியமானவர். 2001-ல் ரத்தப் புற்றுநோயால் இறந்தார். அந்த 6 பேர் இருக்கும் அதே ஸ்பிரிங் ஹில்லில்தான் அவரையும் அடக்கம் செய்தார்கள்.

1971: மறுபடியும் முதலில் இருந்து

டீமை நடத்துவதா, மூடுவதா? ஊரில் இரண்டு கருத்தும் இருந்தது. பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டுக்கு எதிரே மறுபடியும் ஆரவாரமாக ஆட்டம் நடத்துவது நியாயமா என்பது ஒரு பக்கம். இறந்தவர்கள் உயிராய் நினைத்த ஆட்டத்தை அவர்களோடு புதைக்கலாமா என்பது மறுபக்கம். கடைசியில் ஆடுவது என்று பொறுப்புத் தலைவர் டொனால்டு டெட்மன் முடிவு செய்தார்.

கோச் வேலைக்கு ஆள் கிடைப்பதே கஷ்டமாக இருந்தது. வேலையை ஒப்புக் கொண்ட ஒருவர் சில நாளில் விலகி விட்டார். பிறகு ஊஸ்டர் என்ற சின்னக் கல்லூரியில் இருந்து ஜாக் லெங்யல் வந்தார். ரெட் டாசன் ஒரு வருஷம் மட்டும் கூட இருந்து உதவி செய்தார். அதன் பிறகு கோச் வேலையையே விட்டு விட்டார்.

அந்தக் காலத்தில் முதலாம் ஆண்டு மாணவர்கள் கல்லூரியின் மெயின் டீமில் ஆடக்கூடாது. மார்ஷலுக்கு மட்டும் விதி தளர்த்தப்பட்டது. விமானத்தில் போகாமல் தப்பிய சிலர், ஜூனியர் டீம் பையன்கள், நேற்று பள்ளிக்கூடம் முடித்து வந்தவர்கள், வேறு விளையாட்டு ஆடிக் கொண்டிருந்தவர்கள் என்று கிடைத்தவர்களை எல்லாம் சேர்த்தார்கள். 'இளம் ஹெர்ட்' என்று பெயர் வந்தது.

ஒரு காலத்தில் 92-6 என்று அடித்துத் துவைத்த மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகம் இப்போது உதவிக்கு வந்தது. அதன் கோச் பாபி பவ்டன் தன் ஆட்ட முறைகளையும் பிலிம் சுருள்களையும் மார்ஷல் கோச்சுகளுக்குத் திறந்து காட்டினார். எந்த கோச்சும் வெளியே காட்டாத ரகசியம் அது. அவருடைய வீரர்கள் ஹெல்மெட்டில் பச்சை சிலுவை ஒட்டி அஞ்சலி செலுத்தினார்கள்.

கடைசி வினாடி வெற்றி

முதல் ஆட்டத்தில் மோர்ஹெட் ஸ்டேட் அணியிடம் 29-6 என்று தோல்வி. 1971 செப்டம்பர் 25-ந் தேதி சொந்த மைதானத்தில் சேவியர் அணியுடன் ஆட்டம். விபத்துக்குப் பிறகு ஹண்டிங்டனில் நடந்த முதல் ஆட்டம் இதுதான்.

கடைசி நேரம். 13-9 என்று சேவியர் முன்னிலை. எல்லைக்கு இன்னும் 13 யார்டு. ஒரே ஒரு முயற்சிக்குத்தான் நேரம். குவார்ட்டர்பேக் ரெஜி ஆலிவர் ஒரு பக்கம் ஓடினார். எதிரணி மொத்தமும் அவர் பின்னால் திரும்பியது. பந்தை மறுபக்கம் நின்ற டெர்ரி கார்ட்னரிடம் எறிந்தார். முதலாம் ஆண்டு மாணவரான கார்ட்னர் பிடித்துக் கொண்டு கோட்டைத் தாண்டி ஓடினார். நேரம் முடிந்தது. 15-13. மார்ஷல் ஜெயித்து விட்டது.

மைதானமே அழுதது. ஜனங்கள் வீட்டுக்குப் போக மனமில்லாமல் அங்கேயே நின்றார்கள். அணியின் வரலாற்றில் இதைவிடப் பெரிய சாம்பியன் பட்டங்கள் உண்டு. ஆனால் எது பெரிய வெற்றி என்று ஹண்டிங்டன்காரர்களைக் கேட்டால் இந்த 2 பாயிண்ட் வெற்றியைத்தான் சொல்வார்கள்.

அந்த வருஷம் பவுலிங் கிரீனையும் 12-10 என்று தோற்கடித்தார்கள். மற்ற 8 ஆட்டமும் தோல்வி. லெங்யல் 4 வருஷத்தில் ஜெயித்தது 9, தோற்றது 33. கணக்குப்படி பார்த்தால் சுமாரான கோச். ஆனால் அவர் வராமல் இருந்தால் கணக்கு எழுத டீமே இருந்திருக்காது.

அடி வாங்கிய 10 வருஷம்

சினிமா என்றால் அடுத்த காட்சியில் கோப்பை வந்துவிடும். நிஜத்தில் அப்படி நடக்கவில்லை. 1970-களில் மார்ஷல் ஜெயித்தது 23, தோற்றது 83. 1984-ல்தான் தோல்வியைவிட வெற்றி அதிகம் என்ற நிலை வந்தது. ஸ்டான் பேரிஷ் கோச்சாக இருந்த அந்த வருஷம் 6 வெற்றி, 5 தோல்வி. 20 வருஷத்தில் முதல் நல்ல வருஷம் அது.

1987-ல் டோனி பீட்டர்சன் குவார்ட்டர்பேக்காக இருந்தபோது, ஒரு படி கீழே உள்ள 1-ஏஏ பிரிவின் தேசிய பைனலுக்குப் போனார்கள். வடகிழக்கு லூசியானாவிடம் 43-42 என்று ஒரே பாயிண்ட்டில் கோட்டை விட்டார்கள்.

1991-ல் புது ஸ்டேடியம் கட்டினார்கள். 1992-ல் கனவு பலித்தது. கோச் ஜிம் டோனன். பைனலில் யங்ஸ்டவுன் ஸ்டேட் அணியுடன் 28-0 என்று முன்னிலை. அவ்வளவுதான், கோப்பை நமக்குத்தான் என்று இருந்தபோது எதிரணி விரட்டி வந்து 28-28 என்று சமன் செய்தது. 10 வினாடி இருக்கும்போது வில்லி மெரிக் 22 யார்டு தூரத்தில் இருந்து உதைத்தார். 31-28. முதல் தேசிய பட்டம். இந்த டீமில் ஆடிய டிராய் பிரவுன் பிறகு நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் அணியில் சேர்ந்து 3 முறை சூப்பர் பவுல் பட்டம் வென்றார்.

ராண்டி மாஸ் என்ற புயல்

மாஸ் மேற்கு வர்ஜீனியா மண்ணின் மைந்தர். ராண்ட் என்ற சின்ன ஊர். நோட்ரடாம், புளோரிடா ஸ்டேட் என்ற இரண்டு பெரிய பல்கலைக்கழகங்களின் வாசல் வரை போயும் ஒழுங்குப் பிரச்சினைகளால் இடம் இழந்தவர். கடைசியில் சொந்த மாநிலத்து மார்ஷல் சேர்த்துக் கொண்டது.

1996. கோச் பாப் புரூயட், மார்ஷலிலேயே படித்து ஆடியவர். அந்த வருஷம் 15 ஆட்டம், 15 வெற்றி. மாஸ் மட்டும் 28 டச்டவுன். பைனலில் மாண்டனா அணியை 49-29 என்று சுருட்டினார்கள். அதில் மாஸ் பிடித்த பந்துகளில் 4 டச்டவுன். எதிரணியில் இரண்டு பேர் காவல் போட்டாலும் அவர்கள் தலைக்கு மேல் எம்பி ஒற்றைக் கையில் பந்தைப் பறிப்பார். பார்த்தவர்கள் மறக்கவே மாட்டார்கள்.

1997-ல் மார்ஷல் முதல் பிரிவுக்கு உயர்ந்தது. 1969-ல் சஸ்பெண்டு செய்த அதே மிட்-அமெரிக்கன் கூட்டமைப்பில் மீண்டும் சேர்ந்து, சேர்ந்த வருஷமே பட்டத்தைத் தட்டியது. சிறந்த ரிசீவருக்கான பிலெட்னிகாப் விருது மாசுக்குக் கிடைத்தது. 1998-ல் மினசோட்டா வைக்கிங்ஸ் அவரை எடுத்தது. 2018-ல் தொழில்முறை கால்பந்தின் புகழ்க் கூடத்தில் இடம் பெற்றார்.

தோல்வியே காணாத பென்னிங்டன்

மாசுக்கு பந்து எறிந்தவர் சாட் பென்னிங்டன். 1999-ல் இவர் தலைமையில் 13 ஆட்டத்திலும் வெற்றி. அந்த வருஷ கூட்டமைப்பு பைனலில் மேற்கு மிச்சிகன் 23-0 என்று முன்னிலை பெற்றது. பென்னிங்டன் அசரவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக எட்டிப் பிடித்து, 4 வினாடி மீதி இருக்கும்போது எரிக் பிங்க்ஸ்டனுக்கு பந்தைக் கொடுத்து 34-30 என்று முடித்தார். அடுத்து மோட்டார் சிட்டி பவுலில் பிரிகாம் யங் அணியை 21-3 என்று வென்று, நாட்டில் 10-வது இடத்தைப் பிடித்தார்கள். 2000-ல் நியூயார்க் ஜெட்ஸ் அணி அவரை முதல் சுற்றிலேயே எடுத்தது.

1970-களில் அடிமேல் அடி வாங்கிய மார்ஷல், 1990-களில் 114 வெற்றி, 25 தோல்வி. அந்த 10 வருஷத்தில் நாட்டிலேயே அதிக வெற்றி பெற்ற கல்லூரி அணிகளில் முன்னணியில் நின்றது.

காலை உடைத்தும் விடாத லெப்ட்விச்

பென்னிங்டனுக்குப் பிறகு வந்த குவார்ட்டர்பேக் பைரன் லெப்ட்விச். 2001 டிசம்பர் 19-ந் தேதி ஜி.எம்.ஏ.சி. பவுல் ஆட்டம். எதிரணி ஈஸ்ட் கரோலினா. 1970-ல் அந்த வீரர்கள் கடைசியாக ஆடியது இவர்களுடன்தான்.

பாதி ஆட்டம் முடியும்போது 38-8 என்று மார்ஷல் பின்னால் இருந்தது. நம்பிக்கை இழக்கும் நிலைமை. இரண்டாவது பாதியில் தலைகீழ். 7 வினாடி இருக்கும்போது டச்டவுன் போட்டு 51-51 என்று சமன். கூடுதல் 1 பாயிண்ட் எடுத்தால் வெற்றி. உதைத்த பந்து வெளியே போனது! கூடுதல் நேரம் இரண்டு முறை நடந்தது. கடைசியில் லெப்ட்விச் எறிந்த பந்தை ஜோஷ் டேவிஸ் பிடிக்க, 64-61 என்று மார்ஷல் வென்றது. லெப்ட்விச் அன்று எறிந்தது மொத்தம் 576 யார்டு.

2002 நவம்பரில் ஆக்ரன் அணியுடன் ஆடும்போது லெப்ட்விச்சின் முழங்காலுக்குக் கீழே எலும்பில் முறிவு. ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பி வந்து களத்தில் இறங்கினார். பந்தை எறிவார், ஆனால் நடக்க முடியாது. ஒவ்வொரு முறை நீண்ட தூரம் முன்னேறும்போதும் சக வீரர்கள் இரண்டு பேர் அவரைத் தூக்கிக் கொண்டு போய் அடுத்த இடத்தில் நிறுத்தினார்கள். ஆட்டம் 34-20 என்று தோல்விதான். ஆனால் இந்தப் படம்தான் மார்ஷல் என்றாலே ஞாபகத்துக்கு வரும்.

சமீப காலம்

2003-ல் நாட்டில் 6-வது இடத்தில் இருந்த கன்சாஸ் ஸ்டேட் அணியை அவர்கள் ஊரிலேயே 27-20 என்று வீழ்த்தினார்கள். 2006-ல் விபத்துக் கதை 'வீ ஆர் மார்ஷல்' என்ற பெயரில் ஹாலிவுட் படமானது. மேத்யூ மெக்கானகே கோச் லெங்யலாக நடித்தார். 2014-ல் ராகீம் கேட்டோ தலைமையில் 13 வெற்றி, 1 தோல்வி. தொடர்ந்து 46 ஆட்டங்களில் டச்டவுன் பாஸ் கொடுத்தது அவருடைய சாதனை. 2022-ல் பாரம்பரியமிக்க நோட்ரடாம் அணியை அதன் சொந்த மைதானத்தில் 26-21 என்று மண்ணைக் கவ்வ வைத்தார்கள்.

2024 டிசம்பரில் லூசியானா அணியை 31-3 என்று வென்று சன்பெல்ட் கூட்டமைப்பு பட்டம் பெற்றார்கள். ஆனால் கோச் சார்லஸ் ஹப் உடனே வேறு பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். வீரர்களும் கொத்துக் கொத்தாக வேறு கல்லூரிகளுக்கு மாறப் பெயர் கொடுத்தார்கள். ஆள் போதாமல் இண்டிபெண்டன்ஸ் பவுல் ஆட்டத்தில் இருந்தே மார்ஷல் விலகியது. 1971-ல் ஆளே இல்லாமல் ஆடிய டீம், 2024-ல் கோப்பை ஜெயித்த மறுவாரமே ஆள் இல்லை என்று ஒதுங்கியது ரசிகர்களுக்கு வருத்தம்தான்.

நவம்பர் 14-ல் நிற்கும் நீரூற்று

பல்கலைக்கழக வளாகத்தில் 1972-ல் திறந்த நினைவு நீரூற்று உள்ளது. சிற்பி ஹாரி பெர்டோயா வடித்தது. ஒவ்வொரு வருஷமும் நவம்பர் 14-ந் தேதி இறந்தவர்களின் பெயர்களை வாசித்து, நீரூற்றை நிறுத்துவார்கள். குளிர்காலம் முடிந்து வசந்த காலத்தில்தான் மறுபடி தண்ணீர் வரும்.

2020-ல் விபத்தின் 50-வது ஆண்டு நினைவு நாள் சனிக்கிழமையில் வந்தது. அன்று சொந்த மைதானத்தில் மிடில் டென்னசி அணியை 42-14 என்று மார்ஷல் வென்றது. படிப்பை முடிக்காமல் இறந்து போன வீரர்களுக்கு அந்த வருஷம் பட்டமும் வழங்கப்பட்டது.

அணியின் ஜாதகம்

ஊர்: ஹண்டிங்டன், மேற்கு வர்ஜீனியா

தொடக்கம்: 1895

ஸ்டேடியம்: ஜோன் எட்வர்ட்ஸ் ஸ்டேடியம் (1991-ல் திறப்பு)

தேசிய பட்டம் (1-ஏஏ பிரிவு): 1992, 1996

தோல்வியே இல்லாத வருஷங்கள்: 1996 (15-0), 1999 (13-0)

மிட்-அமெரிக்கன் பட்டம்: 1997, 1998, 1999, 2000, 2002

சன்பெல்ட் பட்டம்: 2024

ரசிகர்கள் கோஷம்: "நாங்கதான் மார்ஷல்!"